தாரா, லண்டனிலேயே இருந்துகொள்

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கிடைத்தவள் தாரா. எட்டாம் நூற்றாண்டுக்காரி, பொன் பூசிய வெண்கலத் தெய்வச் சிலை, 143 சென்ரிமீற்றர் உயரம். எந்த ஊர், யாருடைய காணி என்று எவரும் குறித்து வைக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் அதற்காக வருந்தட்டும். பாலமுனையில் இருந்துகொண்டு நான் அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறேன். இடம் தெரிந்திருந்தால் சுற்றியிருக்கும் வட்டை முழுக்க இன்றைக்குத் தொல்பொருள் எல்லைக்கல் முளைத்திருக்கும்.

கொண்டுபோனவர் ஆளுநர் பிரவுண்றிக். 1815 இல் கண்டியை விழுங்கியவர். 1818 இல் ஊவாவில் எழுந்தவர்களைத் துரோகிகள் என்று வர்த்தமானியில் போட்டவர். அந்த வர்த்தமானியை 2016 இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரத்துச் செய்தார். செத்தவர்களுக்கு மானம் திரும்பியது. தாரா திரும்பவில்லை.

1830 இல் அவள் பிரித்தானிய நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தாள். மேலாடை இல்லாத மார்பையும் ஒடுங்கிய இடையையும் கண்டு துரைமாருக்கு வியர்த்துவிட்டது. முப்பது வருடம் பொதுமக்கள் கண்ணில் காட்டவில்லை. அறிஞர்கள் மட்டும் பார்க்கலாம். அறிஞர்களுக்கு ஆசை கிடையாது என்பது அந்தக் காலத்து விஞ்ஞானம் போலும். எங்கள் ஊர்ப் பெரியவர்களும் அவளுக்குத் துணி தேடத்தான் ஓடுவார்கள், அதில் நாங்கள் துரைமாருக்குச் சளைத்தவர்கள் இல்லை.

இனி நம் காவலர்கள். 2020 ஜூனில் கிழக்கின் தொல்பொருளைக் காக்க அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ ஒரு செயலணி போட்டார். தலைவர் பாதுகாப்புச் செயலாளர். உள்ளே பிக்குகள், பொலிஸ் அதிகாரி, ஒரு தொலைக்காட்சி முதலாளி. தோண்டுகிற இடத்தில் கெமரா வேண்டாமா? அறிவித்த பட்டியலில் தமிழர் ஒருவரும் இல்லை, முஸ்லிம் ஒருவரும் இல்லை. கிழக்கில் பெரும்பான்மையாக வாழ்கிறவர்கள்தான் கிழக்கின் பழமைக்கு ஆபத்தாம்.

பொத்துவில் முகுது மகா விகாரையைப் பாருங்கள். பழங்கதையில் கடலுக்குப் பலியாகப் படகில் விட்ட விகாரமகாதேவி கரையொதுங்கிய இடம் அது என்கிறார்கள். கிரிந்தைக்காரர்களோ எங்கள் கரையில்தான் ஒதுங்கினாள் என்கிறார்கள். ஒரே அரசி ஒரே படகில் இரண்டு கரையில் இறங்கலாம். எவரும் பத்திரம் கேட்பதில்லை. அந்த விகாரையின் அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் முஸ்லிம் மட்டும் வாப்பா, மூத்தவாப்பா காலத்து உறுதியைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏற வேண்டும்.

இந்த இலட்சணத்தில் தாரா வந்தால்? ஒரு காலத்தில் அவளைப் பத்தினி தெய்வம் என்றும் எழுதினார்கள். பத்தினி என்றால் கண்ணகி. கண்ணகி என்றால் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வைகாசிக் குளிர்த்திச் சடங்கு. ஆக, அவள் பௌத்தமா, சைவமா, சிங்களமா, தமிழா? படிவத்தில் இனம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் நம் நாட்டில் தெய்வத்துக்கும் இடமில்லை.

கொண்டையில் பதித்திருந்த கல் போய்விட்டது. இடது கைத் தாமரையும் போய்விட்டது. மிச்சம் வரம் தரும் வலது கை ஒன்றுதான். அந்தக் கையோடு அவள் கச்சேரிப் படியேறினால் கேட்பது ஒரே கேள்விதான்: உறுதி எங்கே?