வல்லாரை லேகியமும் ஒரு பாயிண்ட்ஸ்மேனும்

ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சம்பளம் தருவது அரசாங்கம். திட்டு தருவது கண்ட்ரோல் ஆபீஸ். மானத்தைக் காப்பாற்றித் தருவது பாயிண்ட்ஸ்மேன். திருச்சிப் பயிற்சிப் பள்ளியில் முதல் இரண்டை மட்டும் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவதைத் தெரிந்துகொள்ள நான் டெல்டாவில் ஒரு மீட்டர்கேஜ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்தது.

அங்கே வண்டிக்குத் தண்டவாளத்தைத் திருப்பிவிடும் பாயிண்ட்ஸ்மேனை ஊரே ‘அண்ணன்’ என்றது. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. இன்றைக்கும் எங்கள் ஆட்கள் நாலு பேர் கூடினால் ஐந்தாவதாக அவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

வண்டிகளுக்கு அண்ணன் ஒரு மரியாதை வரிசை வைத்திருந்தார். எக்ஸ்பிரஸ் என்றால் “வர்றாங்க சார்.” பாசஞ்சர் என்றால் “வருது சார்.” கூட்ஸ் என்றால் “வந்து தொலையுது சார்.” அதிகாரிகள் வரும் இன்ஸ்பெக்‌ஷன் ஸ்பெஷலுக்கும் “வந்து தொலையுது”தான். ஆனால் அதைக் கைகட்டிக்கொண்டு சொல்வார்.

அப்படி வந்த அதிகாரி ஒருவர் அண்ணனை நிறுத்தி விதி கேட்டார். “சிக்னல் வேலை செய்யலைன்னா என்ன பண்ணுவே?”

“எஸ்.எம். கிட்ட சொல்லுவேன்.”

“பாயிண்ட் சேரலைன்னா?”

“எஸ்.எம். கிட்ட சொல்லுவேன்.”

“எஸ்.எம். சீட்டிலேயே இல்லைன்னா?”

“அப்ப உங்ககிட்ட சொல்லுவேன். நீங்க அவரை சஸ்பெண்ட் பண்ணுவீங்க.”

அதிகாரி சிரித்துவிட்டார். நான்தான் சிரிக்கவில்லை.

அந்தக் காலத்தில் அடுத்த ஸ்டேஷன்வரை போக டிரைவருக்கு அனுமதி ஓர் இரும்புப் பந்து. இந்த ஸ்டேஷனில் ஒரு நீல்ஸ் டோக்கன் கருவி, அடுத்ததில் இன்னொன்று. இரண்டுக்கும் கம்பித் தொடர்பு. ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இன்னொரு பந்து வெளியே வராது. அதனால் ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே கிளம்ப வழியில்லை. அந்தப் பந்தைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, நிற்காமல் போகும் வண்டிக்கு நீட்ட வேண்டும். டிரைவர் வளையத்துக்குள் கையை விட்டு வாங்கிக்கொண்டு, கொண்டுவந்ததை வீசிவிட்டுப் போவார்.

வினையே அந்த வீச்சில்தான். டிரைவர் வீசுவது பிளாட்பாரத்தைப் பார்த்து. வளையம் போவது கருவேலமுள்ளைப் பார்த்து. பந்து கிடைக்காவிட்டால், அதற்குப் பதிலாக டிரைவருக்குத் தரும் அனுமதிச் சீட்டான பேப்பர் லைன் கிளியர் எழுதிக் கை ஒடியும். எல்லோரும் டார்ச்சைத் தேடுவோம். அண்ணன் டிரைவர் யார் என்று மட்டும் கேட்பார். “அவரா? அவருக்குத் தோள்பட்டை வலியாச்சே, தூரமா போயிருக்காது” என்று சொல்லிவிட்டுப் போய், முள்ளுக்குள் கையை விட்டு எடுத்துக்கொண்டு வருவார். அந்த செக்‌ஷனில் யாருக்கு எந்த மூட்டில் வலி என்று ரயில்வே டாக்டரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

மார்கழிப் பனிக்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. 180 மீட்டர் தள்ளி இருக்கும் அடையாளம் கண்ணுக்குத் தெரியாவிட்டால், முதல் சிக்னலுக்கு 270 மீட்டர் வெளியே தண்டவாளத்தில் டெட்டனேட்டர் வைக்க வேண்டும் என்பது விதி. எஞ்சின் ஏறியதும் அது வெடிக்கும். சிக்னல் வருகிறது என்று டிரைவர் உஷாராவார். அண்ணனுடைய அடையாளம் வேறு. “கேட் பக்கம் வட்டிக்காரர் சைக்கிளை நிறுத்தினா எனக்குத் தெரிஞ்சுடும் சார். இன்னிக்குத் தெரியலை. பனி நிஜம்தான்” என்று டப்பாவை எடுத்துக்கொண்டு நடப்பார். சம்பள நாளில் மட்டும் பனி இல்லாமலேயே நடப்பார்.

இவ்வளவு இருந்தும் அண்ணனுக்கு ஒரு குறை, ஞாபகமறதி. ராத்திரியில் அடுத்த ஸ்டேஷன் எங்களிடம் வண்டியை அனுப்ப லைன் கிளியர் கேட்கும்போதெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பார். “சார், லூப்புல ஏதோ நிக்குதோ? இல்ல, நேத்து நின்னதை நினைச்சுக்கிட்டிருக்கேனா?” நான் எழுந்து வெளியே போய், லூப் என்கிற பக்கத் தண்டவாளத்தைப் பார்த்து, பாவம் பெரியவர் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, அப்புறம் லைன் கிளியர் கொடுப்பேன். மனசு கேட்காமல் ஒரு சம்பளத்தில் வல்லாரை லேகியம் ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். பரம சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

1992-இல் தொடங்கிய யூனிகேஜ் திட்டம் எங்கள் பக்கமும் வந்தது. 1,000 மி.மீ. பாதை 1,676 மி.மீ. ஆனது. “தண்டவாளம் அகலமாயிடுச்சு சார், குவார்ட்டர்ஸ் மட்டும் ஏன் இன்னும் மீட்டர்கேஜ்லயே இருக்கு?” என்று கேட்டுவிட்டு அண்ணன் ரிட்டயர் ஆனார்.

அவர் சாவுக்கு அந்த ஸ்டேஷனில் வேலை பார்த்த மாஸ்டர்கள் பலர் வந்திருந்தோம். “தங்கமான மனுஷன், மறதிதான் ஜாஸ்தி” என்றார் ஒருவர். “நான்கூட வல்லாரை லேகியம் வாங்கிக் கொடுத்தேன்” என்றார் இன்னொருவர். “நானும்” என்றது மூன்றாவது குரல். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

காபி கொண்டுவந்த மகள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டார். “அப்பாவுக்கு மறதியா? மொய் நோட்டையே பார்க்காம ஒப்பிப்பாரு சார். ‘புதுசா வர்ற பிள்ளைகிட்ட லைனைப் பாருன்னு சொன்னா ரோஷம் வரும், எனக்கு மறந்துபோச்சுன்னா ஓடிப்போய்ப் பார்த்துட்டு வரும்’னு சொல்வாரு. நீங்கள்லாம் கொடுத்த லேகியத்தை நான்தான் பிளஸ் டூ வரைக்கும் சாப்பிட்டேன்.” அவர் இப்போது கணக்கு டீச்சர்.

எத்தனை ராத்திரி, எத்தனை வண்டி, அவற்றில் எத்தனை ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டு போயிருப்பார்கள்! அத்தனைக்கும் காவலாக ஒரு மனிதர் தன்னை மறதிக்காரனாக்கிக்கொண்டு தலையைச் சொறிந்து நின்றிருக்கிறார். அதற்கு அரசாங்கத்தில் அலவன்ஸ் கிடையாது. எங்கள் லேகியம்தான்.

அதன்பிறகு என்னிடம் ஓர் இளைஞர் வேலைக்கு வந்து சேர்ந்தார். ராத்திரியில் தலையைச் சொறிந்துகொண்டு, “தம்பி, லூப்புல ஏதோ நிக்குதோ?” என்று ஆரம்பித்தேன். அவர், லைனில் வண்டி நின்றால் விளக்கு எரியும் பேனலைக் காட்டினார். “சிவப்பா எரியுதே, தெரியலையா சார்?” மறுநாள் என் மேஜைமேல் ஒரு கிலோ கேரட் இருந்தது.

அண்ணனை நினைத்துக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப்போனேன். அல்வா நன்றாகவே வந்தது.