மனக்கோயிலும் மதர்போர்டும்

ஆசைப்பட்டதை மனசுக்குள்ளேயே கட்டி முடிப்பது திருநின்றவூரில் புதுப் பழக்கம் இல்லை. பூசலார் நாயனார் எங்கள் ஊர்க்காரர். கையில் காசு கிடையாது. சிவனுக்குக் கோயில் கட்டியே தீரவேண்டும். நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டு, கிணறு வெட்டி, மதில் எழுப்பி, எல்லாம் நெஞ்சுக்குள். காஞ்சிபுரத்தில் நிஜக் கல்லால் கைலாசநாதர் கோயில் எழுப்பிய பல்லவ ராஜாவின் கனவில் சிவனே வந்து, "நாளைக்குப் பூசலார் கோயிலுக்குப் போகவேண்டியிருக்கிறது, நீ தேதியை மாற்றிக்கொள்" என்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டுப் போனாராம். சேக்கிழார் எழுதி வைத்திருக்கிறார். ராஜா அலறி அடித்துக்கொண்டு இங்கே வந்து கோயில் எங்கே என்று கேட்டால், ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

என் பையனும் அதே மண்தான். அவனுடைய கோயில் ஆன்லைன் கடையின் கூடையில் இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு, ப்ராசஸர், கண்ணாடிக் கதவு வைத்த கேபினட், அதற்குள் கலர் கலராக எரிகிற விசிறி. மொத்தத் தொகையைப் பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன். இதில் விசேஷம், இத்தனையும் ஜிடிஏ 6-க்காக. அந்த விளையாட்டை பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும்தான் அறிவித்தார்கள். கம்ப்யூட்டருக்கு எப்போது என்று ஒரு வார்த்தை இல்லை. பக்தி என்றால் அது.

கூடையில் இருப்பதை எல்லாம் ஒரே மூச்சில் கேட்டால் நடக்காது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் முதலில் ராம் என்கிற மெமரியைக் கேட்பார்கள். வீட்டுக்கு வீடு இதே முறைதான். கார்டு என்றால் முப்பதாயிரம். அப்பா முகம் மாறும். ராம் என்றால் முன்பெல்லாம் மூவாயிரத்துச் சொச்சம். அப்பா சட்டைப் பையைத் தொடுவார். ராம் உள்ளே போனதும், "இப்ப கார்டுதான்ப்பா இழுக்குது" என்று ஆரம்பிக்கலாம். கார்டு வாங்கினால், உள்ளே கரண்ட் கொடுக்கும் பழைய எஸ்எம்பிஎஸ் தாங்காது. எங்கள் வீட்டில் இருப்பது கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கு என்று வாங்கிய ரைசன் 5. எட்டு ஜிபி ராம் ஒரே குச்சி. கார்டு ஜிடிஎக்ஸ் 1650. அந்தக் கார்டு 75 வாட்டில் சமர்த்தாக ஓடும். அவன் கண் வைத்திருக்கும் ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட் வேண்டும், எஸ்எம்பிஎஸ் 550 வாட்டாவது இருக்கவேண்டும். கரண்ட் போனால் தாங்கட்டும் என்று வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் அதிகபட்சம் 360 வாட்தான் தரும். அது ஒரு தடவை 'பீங்' என்று கத்திவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துவிடும். ஆக, மூவாயிரத்துக்குக் கதவைத் திறந்தால் பின்னாலேயே ஒரு கல்யாணக் கோஷ்டி நுழைகிறது.

இந்த முறை அந்தச் சூத்திரம் பலிக்கவில்லை. 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தில், முன்பு மூவாயிரத்துக்கு விற்ற சாமானை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சொன்னார்கள். காரணம் நம்ம ஊர் வியாபாரி இல்லை. உலகத்துக்கு மெமரி சிப் செய்வது பெரும்பாலும் மூன்றே பேர்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ டேட்டா சென்டர்காரர்கள் தங்களுக்கான மெமரியை அள்ளிக்கொண்டு போவதால், லாபம் கொழுத்த அந்தச் சரக்குப் பக்கம் இவர்கள் ஆலையைத் திருப்பிவிட்டார்கள். டிடிஆர்4 மாதிரிப் பழைய வகை ராமைச் செய்வதையே குறைத்தார்கள். டிசம்பரில் மைக்ரான், 'குரூஷியல்' என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த கடையையே மூடப்போவதாக அறிவித்தது. 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்டு டிஸ்க் விலை எகிறியது ஞாபகம் இருக்கும். அதுவாவது தண்ணீர், வடிந்தது.

நான் காக்களூர் சிட்கோவில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்கள் தொழிலில் நம்பர் சொன்னால் பொருள் வரும். 6205 பேரிங் என்றால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. ஜப்பானில் செய்தாலும் ராஜ்கோட்டில் செய்தாலும் அதுதான். ராமில் அந்த மரியாதை கிடையாது. அட்டையில் 3200 என்று போட்டிருப்பார்கள். மாட்டினால் 2400-லோ 2666-லோ ஓடும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்று ஒன்றை ஆன் செய்தால்தான் சொன்ன வேகம். டிடிஆர்4 மதர்போர்டுப் பலகையில் டிடிஆர்5 நுழையாது, நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். இதை மட்டும் ஒழுங்காக யோசித்திருக்கிறார்கள்.

மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, ஒரே பதினாறு ஜிபி குச்சியாக வாங்கச் சொன்னார். "பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம் மாமா." பின்னாடி என்பது என் சம்பளத்தில் எந்த வருஷம் என்று அவர் சொல்லவில்லை. ப்ராசஸருக்கும் ராமுக்கும் நடுவில் இரண்டு பாதை இருக்கிறது. ஒரே குச்சி போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். எட்டும் எட்டுமாக ஜோடி போட்டால் இரண்டும் வேலை செய்யும், விளையாட்டு நடுநடுவே திக்குவது குறையும். வாங்குவதற்கு முன் பையனை விளையாடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். எட்டில் ஏழே முக்கால் தின்றுகொண்டிருந்தது. சரி, பொய் சொல்லவில்லை.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். லோக்கல் ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன், கவர்ன்மென்ட் எஸ்டேட். கம்ப்யூட்டர் சாமானுக்கு டில்லி நேரு பிளேஸை அடுத்து இந்தத் தெருதான் என்பார்கள். நுழையும்போதே "சார் என்ன வேணும், சிசிடிவியா, சார்ஜரா?" என்று நாலு பக்கமும் குரல். ராம் என்று சொன்னதும் ஒரு கடைக்காரர் என்னை ஆஸ்பத்திரி வாசலில் பார்ப்பதுபோல் பார்த்தார். "நேத்து ஒரு ரேட்டு, இன்னிக்கு ஒரு ரேட்டு சார். சாயங்காலம் வந்தா நானே கேட்டுட்டுதான் சொல்லணும்." பில் வேண்டும் என்றேன். வாரண்டி வருஷக்கணக்கில் உண்டு என்று அட்டையில் அச்சடித்தாலும், பில் இல்லாவிட்டால் அது அட்டைதான். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்ந்தபோது மச்சான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மாட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். கேபினட்டைத் திறந்தால் உள்ளே எங்கள் ஊர் வழியாகப் போகும் சிடிஎச் ரோடு. லாரி கிளப்பிய தூசு அத்தனையும் விசிறியில். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, பழைய குச்சியைப் பிடுங்கினேன். ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நாலாவதும்தான் ஜோடி இடம். வெட்டைப் பார்த்து நிறுத்தி, இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினால், பலகை வளைகிறதே என்று பயம் வருகிற கட்டத்தில் 'டக்' என்று கிளிப் தானே மூடும். ஆன் செய்தோம். திரை கறுப்பு. பையன் முகமும். கழற்றி, பொன்னிறப் பட்டையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மறுபடி மாட்டினேன். வந்துவிட்டது. எக்ஸ்எம்பி போட்டதும் 3200.

மூன்றாம் நாள் காபி குடிக்கும்போது பையன் தொண்டையைச் செருமினான். "ராம் நல்லா இருக்குப்பா. ஆனா..."

அந்த 'ஆனா'வை முடிக்கவிடாமல் மச்சான் உள்ளே வந்தார். அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டர் படுத்துகிறதாம், கழற்றின பழைய எட்டு ஜிபி சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளட்டுமா என்றார். தேடினேன், மேசையில் இல்லை. என் மனைவி சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பீரோல வெச்சிருக்கேங்க, லாக்கர்ல."

"அந்தப் பழசையா?"

"வாங்கின விலைக்கு மேல இப்ப போகுதாமே, இவன்தான் சொன்னான்." பையனைக் காட்டினாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "உனக்கு இல்லாமலாடா? ரிச்சி தெருவுல இன்னிக்கு என்ன ரேட்டுன்னு கேட்டுட்டு வா. அதுல நூறு ரூபா குறைச்சுக் குடு."