கரையானுக்கு எட்டாத பன்னெண்டு வார்த்தை

ஏல மாப்ள, பிட்காயின் வாங்கிட்டேன்னு டீக்கடை டீக்கடையாச் சொல்லிட்டு வாரியாமே, நல்ல காரியம். களவாணிக்கும் தகவல் தெரியணும்லா. பாவம், அவனும் எத்தன வீட்டுக் கதவைத்தான் தட்டிப் பாப்பான்.

எனக்கு இந்தக் கருமாந்திரம் ஒண்ணும் தெரியாது, காதுல விழுந்ததச் சொல்லுதேன். வாலெட்டு வாலெட்டுங்கியே, அதுக்குள்ள காசு கெடக்குன்னா நெனச்சே? காசு பிளாக்செயின்ல, ஊரறிஞ்ச கணக்குல கெடக்கு. உங்கிட்ட இருக்கது சாவி மட்டுந்தான். மொதல்ல தொறந்தப்ப 12 இங்கிலீசு வார்த்தை காட்டுச்சுல்லா, சிலதுல 24 காட்டும், அதுதான் அந்தச் சாவிக்கு மூலம். 2048 வார்த்தைப் பட்டியல்லருந்து பொறுக்கினது. போன் கிணத்துல விழுந்தாலும், வரிசை மாறாம அத வேற போன்ல அடிச்சா எல்லாம் திரும்பி வரும். அடிக்கது நீயா, களவாணியான்னு அது கேக்காது.

நம்ம வயக்காட்டுப் பத்திரம் தொலைஞ்சா சார்பதிவாளர் ஆபீசுல மனுப்போட்டு நகல் வாங்கிரலாம். இதுக்கு அந்த ஆபீசே கெடையாது.

வேல்ஸ் நாட்டுல நியூபோர்ட்டுன்னு ஒரு ஊரு. ஜேம்ஸ் ஹோவெல்ஸ்ங்கிறவரோட ஹார்டு டிஸ்க் 2013-ல குப்பையோட குப்பையாப் போயிருச்சு. உள்ள ஏறத்தாழ 8,000 பிட்காயினுக்குச் சாவி. அவரு வச்சிருந்த வாலெட்டுக்கு 12 வார்த்தை வசதி கெடையாது. ஆனா ஒரு பென்டிரைவுல நகல் எடுக்க யாரு தடுத்தா? குப்பமேட்டைத் தோண்ட விடுங்கன்னு நகராட்சிகிட்ட வருசக்கணக்கா மன்றாடிப் பாத்தாரு. 2025 ஜனவரியில கோர்ட்டும் கையை விரிச்சிருச்சு.

ஸ்டெஃபான் தாமஸ்னு இன்னொருத்தரு ரொம்ப உஷாரு. 7,002 பிட்காயினுக்கான சாவிய அயர்ன்கீங்கிற பூட்டுப்போட்ட பென்டிரைவுல வச்சாரு, கடவுச்சொல்லக் காயிதத்துல எழுதினாரு, காயிதத்தத் தொலைச்சாரு. 10 தடவை தப்பா அடிச்சா அந்தப் பென்டிரைவு ஒரேயடியா வாய மூடிக்கிடும். 2021-ல கத வெளிய வந்தப்பவே 8 தடவை முடிஞ்சிருந்துச்சு. களவாணி இந்த ரெண்டு பேரு வாசல்படியக்கூட மிதிக்கல, பாத்துக்கோ.

நீ என்ன பண்ணியிருக்கே? வார்த்தைய போட்டோ எடுத்து வச்சிருக்கியா? சபாஷ். சில செயலிக்குள்ள ஸ்பார்க்கேட்னு ஒரு வைரஸ் ஒளிஞ்சிருந்தது 2025-ல வெளிய வந்துச்சு. போன்ல உள்ள போட்டோவுல எழுத்து தேடி, இந்த வார்த்தையாத் தெரிஞ்சா அனுப்பி வச்சிரும். கல்யாண ஆல்பத்தைக்கூட நீ அவ்வளவு அக்கறையாப் பாத்திருக்க மாட்டே.

பிட்காயின் வாங்கி விக்கிற எக்ஸ்சேஞ்சுக்காரன் பத்திரமா வச்சிருப்பாங்கியா? கனடாவுல குவாட்ரிகான்னு ஒரு எக்ஸ்சேஞ்சு. அதுக்கு முதலாளி ஜெரால்டு காட்டன். 2018 டிசம்பர்ல நம்ம ஜெய்ப்பூருக்கு வந்த எடத்துல மண்டையப் போட்டாரு. சாவியெல்லாம் அவருகிட்டதான் இருந்துச்சுன்னாங்க, ஜனங்க அழுதுச்சு. பொறவு விசாரிச்சா, பூட்டுன பொட்டியிலயும் பெருசா ஒண்ணுமில்ல; உசுரோட இருக்கையிலயே ஜனங்க காச வச்சுச் சூதாடித் தீத்திருக்காரு.

அதனால கையால எழுது. ரெண்டு பிரதி, ரெண்டு வேற வேற எடம். காயிதத்துக்குக் கரையான் இருக்கு, கூரை ஒழுகலும் இருக்கு. ஸ்டீல் தகட்டுல குத்தி வச்சா நல்லது. ஒவ்வொரு வார்த்தைக்கும் மொத நாலு எழுத்து போதும், அந்தப் பட்டியல்ல அதே நாலு எழுத்துல இன்னொண்ணு தொடங்காது. ஆனா பாத்திரக்கடையில பேரு வெட்டுறவன்கிட்ட கொண்டுபோயிராத. அழகா வெட்டித் தருவான், அடுத்த வாரம் அவன் மச்சான் காரு வாங்குவான். நீயே உக்காந்து குத்து, விரல் நசுங்கினா மருந்து போட்டுக்கிடலாம்.

ரொம்ப மூளையையும் காட்டாத. ஆறு வார்த்தை இங்க, ஆறு அங்கன்னு பிரிச்சு வச்சா, ஒரு துண்டு போனாலும் அம்புட்டும் போச்சு. சில பேரு பதிமூணாவதாச் சொந்தச் சொல்லு ஒண்ணு சேத்துக்கிடுவாங்க. அது மறந்து வேற சொல்ல அடிச்சா ‘தப்பு’ன்னே சொல்லாது, இன்னொரு வாலெட்டத் தொறந்து காலியாக் காட்டும். நீ களவு போச்சுன்னு ஒப்பாரி வைப்பே.

எம்மவகிட்டயாவது எங்க வச்சிருக்கேன்னு சொல்லி வையி. மாமனாருக்குச் சொல்ல வேண்டாம், நான் கேக்கவும் மாட்டேன்.

பெருந்தொகை போடுறதுக்கு முன்னால நூறு ரூவாய்க்குப் போட்டுட்டு, வாலெட்ட அழிச்சிட்டு, நீ எழுதினத வச்சே மீட்டுப் பாரு. அழிக்கணும்னதும் மூஞ்சி ஏன் இப்படி வெளிறுது? அப்ப நீ எழுதினதுல உனக்கே நம்பிக்கை இல்ல. சரி, பேனாவை எடு, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன். மூக்குக்கண்ணாடி இல்லாம எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு மட்டும் நம்பிராத.