கொல்லைப்புறத்து வீரர்

வட கரோலினாவில் ஜனவரி மாதம். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது, கட்டில் காலியாகக் கிடக்கிறது. நம்மவர் மட்டும் கொல்லைப்புறத்தில் இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவே கட்டிய ஹேமக் என்ற தொங்கு படுக்கையில் தொங்கிக்கொண்டிருப்பார். பகலில் மென்பொருள் எழுதுபவர். இரவில், வானிலை அறிக்கை மனசு வைத்தால், ஹேமக்காரர்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். ஒரு மரத்தைப் பார்த்தவுடன் அடுத்த மரம் எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று கண்ணாலேயே அளப்பார். பதினைந்து அடி என்றால் முகம் மலர்ந்துவிடும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், ஹேமக்கைக் கட்டும் பட்டை 30 டிகிரி சாய்வில் இறங்க வேண்டும், நேராகப் படுத்தால் வாழைப்பழமாட்டம் வளைந்துபோவீர்கள், குறுக்காகப் படுத்தால்தான் முதுகு சமமாகும் என்று பாயசம் வரும்வரை விளக்குவார்.

1492இல் கொலம்பஸ் பஹாமாஸ் தீவுகளில் இறங்கியபோது, அங்கே ஜனங்கள் பருத்தி வலையைத் தொங்கவிட்டு அதில் உறங்குவதைக் கண்டார். வெக்கையான ஊர். தரையின் ஈரம் அண்டாது, பூச்சி ஏறாது, முதுகுக்கு அடியில் காற்று ஓடும். காற்று ஓடுவதுதான் அந்தப் படுக்கையின் சுகமே. நம்மவர் அதைக் கொண்டுவந்து உறைபனியில் கட்டிவிட்டு, அந்தக் காற்றை நிறுத்தத்தான் சம்பளத்தைக் கரைக்கிறார்.

ஸ்லீப்பிங் பேக் மட்டும் போதாதாம். உடம்பு அழுத்தும் இடத்தில் அதற்குள் அடைத்த தூவி நசுங்கிவிடும். நசுங்கினால் அதில் காற்று தங்காது, காற்று தங்காவிட்டால் சூடும் தங்காது. ஆகவே ஹேமக்குக்கு வெளியே, அடிப்பக்கமாக, ஒரு ரஜாய் தொங்க வேண்டும். அண்டர்கில்ட் என்பார்கள். அதிலும் 850 தரத்து வாத்துத் தூவி என்றால், 28 கிராம் தூவி 850 கன அங்குலம், ஏறக்குறைய 14 லிட்டர், இடத்தை அடைத்துக்கொண்டு உப்பும். இவ்வளவையும் மனைவிக்குப் பொறுமையாக விளக்கியவருக்கு, விலையைச் சொல்ல மட்டும் விட்டுப்போயிற்று.

இரவு மூன்று மணிதான் சோதனை. கொதிநீர் பாட்டில் தொடை நடுவே ஆறிக் கிடக்கிறது. உள்ளே மூச்சுவிட்டால் தூவியில் ஈரம் இறங்கும் என்பதால் மூக்கு மட்டும் வெளியே. அப்போது பார்த்து வயிறு முட்டும். போர்வை ஓரத்தை இரண்டு விரல் தூக்குவார், குளிர் பாயும், மூடிவிடுவார். ‘அவ்வளவு அவசரமில்லை’ என்று தனக்குத்தானே சமாதானம். நாலு எட்டு வைத்தால் வீட்டுக் கழிவறை. ஆனால் வீட்டுக்குள் கால் வைத்தால் அந்த இரவு கணக்கில் சேராது. இந்தக் கூட்டத்துக்கு அது எழுதாத சட்டம்.

விடிந்ததும் அலுவலகத்தில் “20 டிகிரி” என்பார், பாரன்ஹீட்டில். ஊருக்குப் பேசும்போது மட்டும் செல்சியஸ். அதில்தானே மைனஸ் ஏழு என்று வரும்?

கும்பகோணத்திலிருந்து அம்மா வந்த முதல் வாரத்திலேயே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

“ஏன்டா, அவகூடச் சண்டையா?”

“இல்லம்மா, டெஸ்ட் பண்றேன். அடுத்த மாசம் அப்பலாச்சியன் மலைப்பாதையில இப்படித்தான் படுக்கணும்.”

“அங்கேயும் கட்டில் கிடையாதா?”

ஜார்ஜியாவில் தொடங்கி மெய்ன்வரை சுமார் 3,500 கிலோமீட்டர் போகும் பாதை அது என்று பெருமையோடு ஆரம்பித்தார். அதில் அவர் நடக்கப்போவது ஒரு சனி, ஒரு ஞாயிறு. அம்மாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பெற்ற பிள்ளை பனியில் கிடக்க, மருமகள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள், கண்ணால் கண்டாயிற்று. உடனே ஊருக்கு வாட்ஸ்அப் பறந்தது. அக்காவுக்குப் போய், அத்தைக்குப் போய், அன்று மாலையே சம்பந்தி அம்மாள் மகளைக் கூப்பிட்டுவிட்டார்.

“ஏம்மா, மாப்பிள்ளையை வாசல்ல படுக்கவெச்சிருக்கியாமே?”