பிளேட்சிங்கர் இலக்கணமும் ஒரு வெள்ளிக்காசுச் சிக்கலும்

பிளேட்சிங்கர் என்பவர் வாள் வீசும் மந்திரவாதி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டில், மந்திரவாதி வகுப்பின் உட்பிரிவுகளுள் ஒன்றைச் சேர்ந்தவர். இவருக்கு ஒரு கையில் ஆயுதம் இருக்கும். மறு கை மந்திர முத்திரைக்காகக் காலியாக இருக்கும். அப்படியானால் மந்திரப் புத்தகம் எந்தக் கையில் என்ற வினா எழுந்தது. முதுகுப்பையில் என்று விடையும் வந்துவிட்டதால் அதில் மேற்கொண்டு ஆய இடமில்லாமல் போனது.

இனி வரலாறு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட மூல விளையாட்டில் மந்திரவாதிக்குக் குறுவாள் மட்டுமே அனுமதி. 1990களின் தொடக்கத்தில், இரண்டாம் பதிப்பின் துணைநூலான 'தி கம்ப்ளீட் புக் ஆஃப் எல்வ்ஸ்' பிளேட்சிங்கரை அறிமுகம் செய்தது. அதை எழுதிய காலின் மெக்கோம்ப், அந்நூலுக்காகவே பின்னாளில் வேடிக்கையாக ஒரு மன்னிப்புக் காணொளி வெளியிட்டார். எழுதிய நூலுக்காக ஆசிரியரே மன்னிப்புக் கேட்பது நல்ல முன்னுதாரணம். ஆய்வுலகம் இதுவரை அதைப் பின்பற்றவில்லை. அடுத்து 2001இல் 'டோம் அண்ட் பிளட்', 2003இல் 'கம்ப்ளீட் வாரியர்', 2011இல் நெவர்விண்டர் நூல், 2015இல் 'சுவர்ட் கோஸ்ட் அட்வென்ச்சரர்ஸ் கைடு', 2020இல் 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' என்று பிளேட்சிங்கர் நூல்விட்டு நூல் பாய்ந்தார். இந்நூல்கள் எல்லாவற்றிலும் வெளியான ஆண்டு அச்சாகியிருக்கிறது. ஒரு நூலின் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னுக்கும் பின்னுக்கும் நகர்த்திப் பழகியவர்களுக்கு இத்துறை கசப்பது இதனால்தான்.

குலம் பற்றிய விதி: 2015 நூலின்படி எல்ஃப், அரை எல்ஃப் ஆகியோர் மட்டுமே இக்கலையைக் கற்கலாம், ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் விரும்பினால் இந்தத் தடையைத் தளர்த்தலாம். 2020 நூல் தடையை அடியோடு நீக்கியது. அதற்கு முன்பே எல்லா டன்ஜன் மாஸ்டர்களும் விரும்பியிருந்தனர்.

ஆயுத மரபுகள் மூன்று. பூனை மரபினர் வாளினத்தைக் கையாள்வர்: சிங்கத்துக்கு நீள்வாள், சிறுத்தைக்குக் குறுகிய வாள், செம்புலிக்கு வளைவாள். பறவை மரபினருக்குக் கோடரியும் சம்மட்டியும். பாம்பு மரபினர் சாட்டை சுழற்றுவர்.

2020 நூலின்படி இரண்டாம் லெவலில் கிடைக்கும் 'பிளேட்சாங்' இவரது தலையாய திறன். போனஸ் ஆக்‌ஷன் ஒன்றைச் செலவிட்டால் ஒரு நிமிடம் நீடிக்கும். அந்த நேரத்தில் வேகம் பத்தடி கூடும். தாக்குபவர் எட்ட வேண்டிய எண்ணான ஆர்மர் கிளாஸுடன் அறிவுத்திறன் மதிப்பு சேரும். அடிபட்டாலும் மந்திரக் கவனம் எளிதில் கலையாது. இதன் விளைவை எண்ணில் காண்க. 'மேஜ் ஆர்மர்' மந்திரத்தால் 13, சுறுசுறுப்பால் 5, அறிவால் 5, ஆக 23. மூச்சு முட்டுமளவு முழு இரும்புக் கவசமும் அணிந்து கேடயமும் பிடித்த போர்வீரருக்கு 20 மட்டுமே. கவசத்துக்கு மட்டும் அவர் கொடுத்த விலை 1500 பொற்காசு. படித்தவனை அடிக்க முடியாது என்ற கொள்கைக்கு உலகில் வேறெங்கும் சான்று கிடைக்காத நிலையில், இது குறிப்பிடத்தக்கது. பாட்டு நடக்கையில் கேடயம் பிடித்தால் பாட்டு நின்றுவிடும். ஷீல்டு என்ற மந்திரத்தை ஓதினால் நிற்காது. 23 என்பது 28 ஆகும்.

பாட்டுக்குக் குரல் வேண்டுமா என்பதில் விதிநூல் வாய் திறப்பதில்லை. 'சைலன்ஸ்' மந்திரம் இருபதடி ஆரத்துக்குள் எல்லா ஒலியையும் விழுங்கிவிடும். வாயால் ஓத வேண்டிய மந்திரம் எதுவும் அங்கே செல்லாது. பிளேட்சாங் மட்டும் செல்லும். ஆகவே இது பாடப்படாத பாட்டு என்ப ஒரு சாரார். மனத்துக்குள் பாடப்படுவது என்ப மறுசாரார். பக்கத்தில் நிற்கும் போர்வீரரைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று மூன்றாவது சாரார் எழுந்தனர். களஆய்வு இத்துறையின் மரபன்று என்று சொல்லி அவர்களை உட்கார வைத்தாயிற்று.

இனி வெள்ளிக்காசு. பிளேட்சிங்கர்கள் விரும்பும் சிறு மந்திரங்கள் இரண்டு: பூமிங் பிளேட், கிரீன்-ஃப்ளேம் பிளேட். 2015 பாடத்தில் இவற்றுக்கு வேண்டிய பொருள் 'ஓர் ஆயுதம்'. 2020 பாடத்தில் 'குறைந்தது ஒரு வெள்ளிக்காசு மதிப்புள்ள கைகலப்பு ஆயுதம்'. விலை குறிக்கப்படாத பொருளுக்குப் பதிலாக மந்திரப் பையைக் காட்டலாம் என்பது பொதுவிதி. எனவே கையில் வாளே இல்லாமல் பையைக் காட்டி வாள்மந்திரம் ஓதுவோரைத் தடுக்கவே காசு நுழைந்தது என்பது எளிய விளக்கம். எளிய விளக்கம் என்பதால் ஆய்வாளர் அதை ஏற்றிலர்.

முதல் பூசல் 'ஷேடோ பிளேட்' பற்றியது. இது 2017இல் 'சனதார்ஸ் கைடு டு எவ்ரிதிங்' நூலில் வந்த மந்திரம். இருளைத் திரட்டி வாளாக்கிக் கையில் தரும். பிளேட்சிங்கருக்கு இதைவிடப் பொருத்தமான வாள் கிடையாது. ஆனால் இருளுக்கு விலை என்ன? பட்டியல்வாதிகள், விலைப்பட்டியலில் இல்லாத பொருளுக்கு மதிப்பில்லை, மதிப்பில்லாத வாளால் மந்திரமில்லை என்பர். சந்தைவாதிகள், வாங்க ஆளிருந்தால் மதிப்பு உண்டு என்பர். கையைவிட்டு நழுவினால் அந்த டர்ன் முடிவிலேயே கரைந்துபோகும் வாளை எவன் வாங்குவான் என்பார்க்கு விடை, வெயிலில் உருகும் ஐஸை வாங்குவதில்லையா என்க. உழைப்புவாதிகளோ, அதை ஓதச் செலவாகும் இரண்டாம் நிலை ஸ்பெல் ஸ்லாட்டின் கூலி நிச்சயம் ஒரு வெள்ளியைத் தாண்டும் என்பர். இக்கூற்று உழைப்புவாதிகளின் இளைய கிளை எழுதிய மறுப்புக்கு மூத்த கிளை எழுதிய மறுப்பின் ஓரக்குறிப்பில் உள்ளது. அக்குறிப்பின் அருகே பென்சிலால் ஒரு கேள்விக்குறி காணப்படுகிறது. அது ஐயத்தைக் குறிப்பதா, பென்சிலைச் சோதித்ததா என்பது தனி ஆய்வுக்குரியது.

இரண்டாம் பூசல் இதனினும் நுண்ணியது. பட்டியலில் மிக மலிவான கைகலப்பு ஆயுதம் குண்டாந்தடி. விலை சரியாக ஒரு வெள்ளி. எனவே தகுதி உடையது. ஆனால் 2014 விதிநூலின்படி, பழுதில்லாத ஆயுதமும் சந்தையில் விற்கும்போது பாதி விலைக்கே போகும். பத்துச் செப்புக்காசு ஒரு வெள்ளி என்பதால், விற்கப்போகும் குண்டாந்தடியின் மதிப்பு ஐந்து செப்பு. ஆகவே அதே தடி, வாங்க வந்தவர் கையில் மந்திரம் ஏற்கும்; விற்க வந்தவர் கையில் ஏற்காது. கடைவாசலில் தடி கைமாறும் அந்த நொடியில் அதன் நிலை என்ன என்று வினவிய சந்தைவாதிகளின் மூன்றாம் கிளை, அந்த வினாவிலேயே இரண்டாகப் பிளந்தது. வாசற்படிக்கு உள்ளே, வெளியே என்று இன்றும் அவ்விரு பிரிவினரும் தனித்தனியே கருத்தரங்கு நடத்துகின்றனர். இரு அரங்கிலும் தலைமையுரை ஒருவருடையதே. அவர் இரு இடத்திலும் தம் முந்தைய கட்டுரையையே மேற்கோள் காட்டுகிறார். அந்தக் கட்டுரை 'விரைவில் வெளிவரும்' என்று நெடுங்காலமாக அறிவிக்கப்பட்டு வருகிறது.

காப்லினிடமிருந்து பறித்த வளைவாளின் கதியோ இதனினும் மோசம். புதிதாக வாங்கினால் 25 பொற்காசு. ஆனால் பகைப் பிராணிகளின் ஆயுதம் விற்கத்தக்க நிலையில் இருப்பது அரிது என்று விதிநூல் கூறுகிறது. எனவே விற்பனை மதிப்பு ஒன்றுமில்லை, மந்திரமும் இல்லை. பிளேட்சிங்கர் அவ்வாளுடன் களத்தில் நிற்கும்போது, தோழர் ஒருவர் 'ஒரு வெள்ளிக்கு எடுத்துக்கொள்கிறேன்' என்று உரக்கச் சொன்னால் போதும் என்று ஒரு தீர்வு முன்வைக்கப்பட்டுள்ளது. சொன்னவரிடம் ஒரு வெள்ளி உண்மையில் இருக்க வேண்டுமா என்பதை அத்தீர்வு பேசவில்லை.

இப்பூசல்களுக்கு நடுவே, எல்லாக் கட்சியாரும் ஒப்புக்கொள்ளும் ஆயுதம் ஒன்று உண்டு. அது இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும் ஊன்றுகோல். பாதி விலைக்குப் போனாலும் ஒரு வெள்ளி தேறும். அதைச் சுழற்றுவது சாதாரண மந்திரவாதிகளுக்கும் முதல் லெவலிலேயே தெரியும் என்பதால், அதற்காக ஒருவர் பிளேட்சிங்கர் ஆகத் தேவையில்லை.

ஆறாம் லெவலில் ஒரே டர்னில் இருமுறை தாக்கலாம். 2020க்குப் பின் ஒரு தாக்குதலுக்குப் பதிலாகச் சிறு மந்திரம் ஒன்றை ஓதவும் இடமுண்டு.

பத்தாம் லெவலில், ஸ்பெல் ஸ்லாட் ஒன்றைச் செலவிட்டு, அதன் நிலையைப் போல் ஐந்து மடங்கு அடியைக் குறைத்துக்கொள்ளலாம். அடி விழுந்த பிறகே இதற்குப் பயன் என்பதால் 28இல் நிற்பவர்கள் இதை மறந்துவிடுவர்.

பதினான்காம் லெவலில் வாளடியுடன் அறிவுத்திறன் மதிப்பு சேரும். அதாவது பெரும்பாலும் ஐந்து. அந்த லெவல் மந்திரவாதி நினைத்தால் தம் கூட்டத்தையே கண்ணிமைப்பில் வேறு நகரத்துக்கு அனுப்ப வல்லவர் என்பதால், பகைவரின் அருகே சென்று வாள் வீசி ஐந்து கூட்டும் தேவை எப்போது நேரும் என்பது உரைகளில் விளக்கப்படவில்லை. நடைமுறையில், பெறுவதற்கரிய அந்த ஆர்மர் கிளாஸுடன் பலர் பின்வரிசையில் நின்றபடி நெருப்புருண்டை எறிகின்றனர்.

பதினைந்து முதல் இருபது வரையிலான லெவல்களில் இந்த உட்பிரிவுக்கென்று புதிய திறன் எதுவும் இல்லை.