நாற்பது நாளா, நாற்பது டாலரா?

கேள்வி: லட்சக்கணக்கில் செலவழித்துச் சொகுசுக் கப்பலில் போகிறவர்கள், தீவில் இறங்கச் சிறு கட்டணமும் ஒரு பரிசோதனையும் கேட்டால் ஏன் இப்படிக் குதிக்கிறார்கள்?

பதில்: சாப்பாட்டுக்குப் பணம் கட்டியவனிடம் இலைக்குத் தனிக்காசு கேட்டால் வருமே, அந்தக் கோபம். 2022இல் பெர்முடா தலைக்கு 40 டாலர் அனுமதிக் கட்டணம் வாங்கியது. போதாக்குறைக்கு, கொரோனா இல்லை என்ற சான்றும் கேட்டது. மூக்கில் குச்சி விடவும் காசு, கரையில் கால் வைக்கவும் காசு என்றால் எரியத்தானே செய்யும்!

தீவுக்காரர் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். பெர்முடாவில் ஆறே கிடையாது. வீட்டுக் கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கிற ஊர். பெரிய கப்பல் ஒன்று வந்தால் மூவாயிரம், நாலாயிரம் பேர் இறங்குவார்கள். மூன்று வேளைச் சாப்பாடும் கப்பலிலேயே. கரையில் ஒரு தொப்பி வாங்கினால் பெரிய வியாபாரம்!

கிரீஸ் இன்னும் கெட்டி. 2025 ஜூலை முதல் சாண்டோரினியில் இறங்கும் கப்பல் பயணிக்குக் கோடையில் 20 யூரோ. யாரும் எட்டிப் பார்க்காத குளிர்காலத்தில் 4 யூரோதான்.

பரிசோதனைக் கெடுபிடியும் புதிதல்ல. 1377இல், இன்று டுப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா, கொள்ளைநோய் ஊர்களிலிருந்து வந்தவர்களை ஒரு மாதம் வெளியே நிறுத்தியது. வெனிஸ்காரர்கள் அதை நாற்பது நாளாக்கினார்கள். ‘குவாரன்டைன்’ என்ற சொல்லே அந்த நாற்பதில் பிறந்ததுதான். பெர்முடா டாலரில் வாங்கிக்கொண்டது!