பொடி வச்ச புங்கெண்ணெய்

வாப்பா பேராண்டி, திண்ணையில உக்காரு. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கான், புங்கெண்ணெயில நானோப் பொடி கலந்து டீசல் இஞ்சின ஓட்டுதான்னு உங்க அப்பன் ஊரெல்லாம் தமுக்கடிச்சுட்டான். டாக்டர்னதும் மேலத்தெரு ஆச்சி முழங்கால் வலிக்கு உன்னயத் தேடிக்கிட்டுத் திரியா. அவ வாரதுக்குள்ள நான் கேக்க வேண்டியதக் கேட்டுருதேன்.

நல்ல காரியந்தான், யாரு வேண்டாம்னா? 1900-ல பாரீசுப் பொருட்காட்சியிலயே டீசல் இஞ்சினக் கடலை எண்ணெயில ஓட்டிக் காட்டிட்டான் வெள்ளைக்காரன். பெறவு பூமிக்குள்ள இருந்து எண்ணெய் பீறிட்டு வரவும் கடலைய மறந்துட்டான். இப்ப ஒலகம் கொதிக்குன்னதும் புங்க மரத்தடியில வந்து நிக்கான்.

பச்சைப் புங்கெண்ணெய அப்படியே ஊத்துனா நாசில் அடச்சுக்கிடும், அது எனக்கே தெரியும். டீசலவிடப் பத்து மடங்குக்கு மேல கெட்டி. அதுல மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேத்துச் சூடாக்கி, அடியில தங்குற கிளிசரினப் பிரிச்சுட்டா மேல நிக்கதுதான் பயோடீசல். டீசலவிடச் சூடு ஒரு பத்து சதவீதம் கொறச்சல். எண்ணெய்க்குள்ளயே ஆக்சிஜன் இருக்கதால கரும்புகை கம்மி, ஆனா நைட்ரஜன் ஆக்சைடு கூடிருது. அத அடக்கத்தான் நீ சீரியம் ஆக்சைடுப் பொடிய எறக்குத. ஒரு மில்லிமீட்டரப் பத்து லட்சமாக் கிழிச்சா ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அந்தக் கணக்குல அரைச்ச பொடி. ஆக்சிஜன் பத்தாத எடத்துல தன்கிட்ட இருக்கதக் குடுக்கும், மிஞ்சுன எடத்துல வாங்கி வச்சுக்கிடும். நம்ம பலசரக்குக்கடை அண்ணாச்சி கைமாத்து குடுத்து வாங்குற மாதிரி. வட்டி மட்டும் கெடையாது.

சீரியம்னதும் நான் ஏதோ ராக்கெட்டுச் சமாச்சாரம்னு பயந்துட்டேன். விசாரிச்சா, நம்ம பெட்ரோமாக்ஸ் மேண்டில்ல கெடந்த அதே சரக்கு. தோரியம் 99 பங்கு, சீரியம் ஒரு பங்கு. கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு ஆரம்பிக்கும் முன்ன அந்தத் துணிப்பையக் கட்டி, நெருப்பு வச்சு, துணி கருகி வெறுஞ்சாம்பலா நிக்கையில பம்பு அடிப்போம். ‘புஸ்’ஸுன்னு ஒரு சத்தம், பெறவு பளீர்னு வெள்ளை வெளிச்சம். ஈசல் ஒண்ணு முட்டுனாப் போதும், மேண்டில் பொலபொலன்னு உதுந்துரும். அந்தச் சரக்குக்காகத்தான் 1909-ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரன், தேங்காநார்ல ஒட்டியிருந்த மணல மோப்பம் புடிச்சு மணவாளக்குறிச்சிக் கடக்கரைக்கு வந்து சேந்தான். அன்னைக்கு வெளக்கெரிக்கப் போன மண்ணு. இன்னைக்கு உனக்குப் பட்டம் வாங்கித் தரப்போகுது. கொண்டாடு.

சரி, பட்டம் சீக்கிரம் கெடைக்கணும்னா தாத்தா சொல்லுதத நல்லாக் கேட்டுக்கோ.

பொடி கலந்த கையோட இஞ்சின ஓட்டிரு. ஒரு ராத்திரிகூடத் தாண்ட விடாத. போன மாசம் நீ ஒரு கண்ணாடிப் பாட்டில அலமாரியில மறந்து வச்சுட்டுப் போனியே, காலையில எடுத்துப் பாத்தேன். மேல எண்ணெய் தெளிஞ்சு நிக்கி. அடியில வெளிர்மஞ்சளா ஒரு படிவு, பாட்டிலச் சாய்ச்சாத்தான் மெல்ல நகருது. உங்க லேப்ல அல்ட்ராசோனிக் மிஷின்ல வச்சுக் கலக்குதீய, பொடி திரளாம இருக்க ஸ்பேன் 80-ன்னு ஒரு மருந்தும் ஊத்துதீய. சம்சாரியோட டீசல் கேன் பம்புசெட்டு ரூம்புல மாசக்கணக்குல கெடக்குமே, உன் கைடா வந்து கலக்கிக் குடுப்பாரு?

நாலஞ்சு மணி நேரம் ஓட்டிட்டு கிராஃப் போட்டுரு. ஆயிரம் மணி நேரமெல்லாம் ஓட்டித் தொலைக்காத. லேப்ல நிக்க ஒத்தைச் சிலிண்டர் கிர்லோஸ்கர், 1500 சுத்து, 5.2 கிலோவாட்டு, நம்ம கெணத்துமேட்டு இஞ்சினுக்குப் பங்காளி. அதோட பம்பு எலிமெண்டுக்கும் பேரலுக்கும் நடுவுல இடைவெளி மைக்ரான் கணக்கு. உன் பொடி ஒத்தையா இருக்கவரைக்குந்தான் நானோ. கூட்டம் சேந்துட்டா அதுவும் மைக்ரான். அந்தத் தேய்மானத்த நாலு மணி நேரத்துல யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. உனக்கு அது வசதிதான?

எஃபிஷியன்சி ஒண்ணு ரெண்டு சதவீதம் கூடிருக்குன்னு தைரியமா எழுது. அளக்குற மீட்டரோட பிழை எம்புட்டுன்னு கேக்குற ஆள் வந்தா, டீ வாங்கிக் குடு.

இன்னொண்ணு, சைலன்சர் பக்கம் மட்டும் போயிராத. லிட்டருக்கு 50 மில்லிகிராம்னு கலக்குத. 12,000 லிட்டர் டேங்கர் ஒண்ணுக்கு 600 கிராம் பொடி. சீரியம் எரிஞ்சு காத்தாப் போற சாமான் இல்ல. கொஞ்சம் இஞ்சினுக்குள்ள ஒட்டும், மிச்சம் புகையோட வெளிய வரும். பெஜோ கம்பெனிக்காரன் 2000-ல காருக்குச் சீரியம் மருந்து குடுத்தப்ப, சைலன்சர்ல வடிகட்டியும் சேத்து வச்சான். வடிகட்டியில சேருற கரிய எரிக்கத்தான் சீரியமே. அமெரிக்காவுல ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட்டு, டீசல்ல சீரியம் சேத்தா மனுசனுக்கு என்ன ஆகும்னு 2001-லயே தனி அறிக்கை போட்டுச்சு. இந்தப் பொடி உள்ள போன எலிகளுக்கு நுரையீரல் அழண்டுபோனதப் பெறவு ஆராய்ச்சிக்காரங்களே எழுதிட்டாங்க. நம்ம பம்புசெட்டுல வடிகட்டி எங்க இருக்கு? வாய்க்காலுக்கு மடை மாத்த நிக்கவன் மூக்குதான் வடிகட்டி.

எண்ணெய்க்கு என்ன வழின்னு கேட்டா மட்டும் உனக்கு இருமல் வந்துருது. 2018 உயிரி எரிபொருள் கொள்கையில 2030-க்குள்ள டீசல்ல 5 சதவீதம் பயோடீசல்னு சர்க்கார் சொல்லிட்டாங்க. நாட்டுல வருசத்துக்குச் சுமார் 9 கோடி டன் டீசல் எரியுது. அதுல அஞ்சு சதவீதம் 45 லட்சம் டன். நூறு கிலோ புங்க விதைக்கு முப்பது கிலோ எண்ணெய்னு தாராளமா வச்சாலும் ஒண்ணரைக் கோடி டன் விதை பெறக்கணும். 2024 வரைக்கும் ஒரு சதவீதத்தக்கூட எட்டல. காட்டாமணக்குக்கும் இப்படித்தான் மேளம் கொட்டுனாங்க. நட்டவன்ல நெறையப் பேர் புடுங்கிப் போட்டான். ஆடுகூட அத மோந்து பாத்துட்டு அந்தப் பக்கம் போயிருச்சு. சோத்துக்கு வழி இல்லாத வீட்டுல நீ தாளிப்புக்குக் கடுகு பொறுக்குத.

மூஞ்சியத் தூக்காத. உன் படிப்ப நான் கொறை சொல்லல. பொடி கலந்தா என்ன நடக்குன்னு பாக்க ஒரு ஆள் வேணுந்தான். ஆனா உள்ள போறத அளக்குற அதே தராசுல வெளிய வாரதயும் அளந்து ஒரு அத்தியாயம் எழுது. அதுக்குச் சம்மதம்னா நம்ம தோட்டத்து இஞ்சின எடுத்துக்கோ, ஆயிரம் மணி நேரம் ஓட்டு. நாசிலும் எலிமெண்டும் போச்சுன்னா புதுசு வாங்குற செலவு உன் கைடு தலையில, இப்பவே பேப்பர்ல எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வா.